மாமியாரிடம் யார் கேட்பது?

உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் முதியவருக்கு நம் ஊர்களில் ஒரு சோதனை வைப்பார்கள். சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் விடுவார்கள். அப்போதும் மூச்சு அடங்கவில்லையென்றால் மனத்தில் ஏதோ குறை நிற்கிறது என்பார்கள். மண்ணாசையோ என்று வாசல் மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு, பொன்னாசையோ என்று தங்கம் உரைத்த நீர் ஒரு சொட்டு. தூரத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரைக் காதோரம் சொல்லிப் பார்ப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சாகப்போகிறவருக்கு ஒரு விருப்பம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து நிறைவேற்றுவது உறவுகளின் கடமை என்ற எண்ணம் இந்தச் சடங்குக்குள் இருக்கிறது. ஆனால் பேச முடிந்த காலத்தில் கேட்காமல் விட்டதை, பேச்சு நின்ற பிறகு மண்ணையும் பொன்னையும் வைத்து ஊகிக்கிறோம். விழுங்கும் திறன் போன உடம்பில் அந்தப் பால் நுரையீரலுக்குள் இறங்கி மூச்சுத்திணறலைக் கூட்டவும் கூடும்; உதட்டை ஈரத் துணியால் நனைத்தாலே போதும் என்பார்கள் மருத்துவர்கள்.

பேச்சு இருக்கும்போதே கேட்பது யார் வேலை? மகனுடையதா, மகளுடையதா? பெரும்பாலான வீடுகளில் நோயாளியின் பக்கத்தில் இருப்பவள் மருமகள்தான் என்பதால் அவளிலிருந்து இந்தக் கேள்வியைத் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன், நான் மனத்தில் வைத்துப் பேசும் வட்டாரத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் ரயில் மீஞ்சூரைத் தாண்டியதும், பொன்னேரிக்கு முன்னால் நிற்கும் நிறுத்தம் அனுப்பம்பட்டு. வடகிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட் ஹவுஸ் குப்பம் என ஏரியையும் கடலையும் ஒட்டி மீனவ ஊர்கள். இந்த வட்டாரத்தில் பெரிய நோய் வந்தால் போகும் வழி எல்லோருக்கும் தெரிந்ததே. உள்ளூரில் பார்ப்பார்கள், முடியாவிட்டால் பொன்னேரி அரசு மருத்துவமனை, அங்கும் முடியாவிட்டால் வடசென்னையில் ஸ்டான்லி. 2022 முதல் திருவள்ளூரில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டு தலைமுறைக்கு முன் கடைசி நாட்கள் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே கழிந்தன. முடிவெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. இப்போது அந்த வழியில் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கேள்வி வருகிறது. மேலே அனுப்பலாமா? ஐசியுவில் சேர்க்கலாமா? டியூப் போடலாமா? மருத்துவர் கேட்கும்போது, கட்டிலில் கிடப்பவரால் பெரும்பாலும் பதில் சொல்ல முடிவதில்லை. வராந்தாவில் நிற்பவர்கள் சொல்கிறார்கள்.

தமிழர் சாவைப் பற்றிப் பேசத் தயங்குபவர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. நம் வீட்டுக் கிழவிகளைப்போல் தம் சாவைப் பற்றி இயல்பாகப் பேசுபவர்கள் குறைவு. பூவும் பொட்டுமாகப் போக வேண்டும் என்பாள் ஒருத்தி. கிடையில் விழாமல் போய்ச் சேர வேண்டும் என்பாள் இன்னொருத்தி. அண்ணன் வீட்டுக் கோடி வந்த பிறகுதான் எடுக்க வேண்டும், இன்ன புடவையைத்தான் போர்த்த வேண்டும், காரியத்துக்குக் கடன் வாங்கக் கூடாது, தோட்டைப் பேத்திக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். பேரன் பேத்தி எடுத்தவர் போனால் கல்யாணச் சாவு என்று மேளம் வைக்கும் சமூகம் இது. சாவுக்குப் பிறகு நடக்க வேண்டியவை எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கும். சாவுக்கு முந்தைய மூன்று வாரம் மட்டும் இருக்காது. அந்த மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கழியும் என்பதே புதிது. அதற்கான பேச்சு இன்னும் நம் வாயில் பழகவில்லை.

இனி மருமகளுக்கு வருவோம். வட தமிழகத்தில் அக்காள் மகளைக் கட்டும் வழக்கமும் மாமன் மகள், அத்தை மகன் முறையில் கட்டும் வழக்கமும் இன்றும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் மாமியார் என்பவள் பெண்ணின் சொந்த அத்தையாக இருப்பாள். சில வீடுகளில் அம்மாவைப் பெற்ற ஆயாவாகவே இருப்பாள். சின்ன வயதில் மடியில் தூக்கி வளர்த்தவளின் மலஜலத்தை இப்போது இவள் எடுக்கிறாள். முறையில்லாமல் வெளியிலிருந்து வந்த மருமகளுக்கும் வேலை அதேதான். மகன் ஏரிக்கோ கடலுக்கோ போயிருப்பான், அல்லது காட்டுப்பள்ளி, எண்ணூர், மணலிப் பக்கம் கூலிக்குப் போயிருப்பான். மகள் இன்னொரு குப்பத்தில் வாக்கப்பட்டிருப்பாள். ராத்திரி இரண்டு மணிக்கு முனகல் கேட்டு எழுந்திருப்பவள் மருமகள். எந்தப் பக்கம் புரண்டால் வலிக்கிறது, எந்த மாத்திரைக்குக் குமட்டுகிறது, தூக்கத்தில் யார் பெயரைச் சொல்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

முடிவெடுக்கும் நேரத்தில் அவளுக்கு இடமில்லை. பெரிய மகன், பங்காளி, மாமியாரின் தம்பி ஆகியோர் பேசுவார்கள். அவள் ஃபிளாஸ்கைக் கழுவிக்கொண்டிருப்பாள். வாய் திறந்தாலும் ஆபத்து. "போதும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று மகள் சொன்னால் அது பாசம்; மருமகள் சொன்னால் "நாள் எண்ணிக்கிட்டு இருந்தா" என்றாகும். "இன்னும் பாருங்க" என்று சொன்னால், செலவு செய்பவள் நீயா என்ற கேள்வி வரும். இந்தச் சந்தேகத்துக்குப் பயந்துதான் மருமகள்கள் தாம் கேட்டறிந்ததைச் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். மாமனார் படுத்திருக்கும் வீட்டில் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கஞ்சியை வைத்துவிட்டு நகரும் பெண், "மாமா, உங்களுக்கு என்ன செய்யணும்" என்று எப்படிக் கேட்பாள்?

அந்தச் சந்தேகம் முழுவதும் ஆதாரமற்றது என்றும் சொல்ல முடியாது. தென் மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர் பக்கம், தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிர வைத்து, இளநீரும் பாலும் கொடுத்து முடித்துவிடும் கொடுமை நடந்துவந்தது 2010இல் செய்தியாகி நாட்டை உலுக்கியது. பிறகு அதைப் பற்றிப் ‘பாரம்’ என்ற படமும் வந்தது. தலைக்கூத்தலில் நடப்பது என்ன? கிடப்பவரின் விருப்பம் கேட்கப்படுவதில்லை. சுற்றி இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். பிரக்ஞையற்ற தாயை மகனின் கௌரவத்துக்காக வென்டிலேட்டரில் பல நாள் வைத்திருக்கும் வீட்டிலும் அதே குறைதான் இருக்கிறது. இரண்டு செயல்களும் ஒன்றல்ல, முன்னது கொலை. ஆனால் இரண்டிலும் அந்த மனுஷி என்ன நினைத்தாள் என்பது யாருக்கும் வேண்டியதாக இல்லை.

நெருங்கிய உறவுகளுக்குக் கேட்காமலே தெரியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. "எங்கம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" 2006இல் அமெரிக்காவில் டேவிட் ஷலோவிட்ஸும் சக ஆய்வாளர்களும் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இன்ன நிலைமையில் நோயாளி எந்தச் சிகிச்சையை விரும்புவார் என்று உறவினரிடம் தனியாகவும் நோயாளியிடம் தனியாகவும் கேட்ட ஆய்வுகள் அவை. உறவினர் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 68 முறை. மூன்றில் ஒன்று தவறு. இதைவிடக் கலங்கவைக்கும் முடிவு ஒன்றும் அதில் உண்டு: முன்பே இதைப் பற்றிப் பேசியிருந்தோம் என்று சொன்ன குடும்பங்களும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை. பொத்தாம்பொதுவாக ஒருமுறை பேசிவைப்பது போதாது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். ஏனென்றால் 2010இல் மெல்போர்னில் கேரன் டெட்டரிங் குழுவினர் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 309 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு வேறு முடிவைத் தந்தது. அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியோடும் குடும்பத்தோடும் உட்கார்ந்து, குறிப்பாகக் கேட்டு, எழுதிவைத்தார். ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களில், இப்படிப் பேசப்பட்டவர்களில் 86 விழுக்காட்டினரின் விருப்பம் தெரிந்தும் நிறைவேறியும் இருந்தது. பேசப்படாதவர்களில் 30 விழுக்காட்டினருக்கே அப்படி. பேசியிருந்த குடும்பங்களில் இறப்புக்குப் பின் மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருந்தன. எவ்வளவு குறிப்பாகக் கேட்டோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சட்டம் இந்த விஷயத்தில் நம் குடும்பங்களைவிட முன்னே போய்விட்டது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு, 2015 மே மாதம் இறக்கும்வரை அதே மருத்துவமனையில் செயலிழந்து கிடந்தார். அவருக்கு உணவு செலுத்துவதை நிறுத்த வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அருணாவுக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்று நீதிமன்றம் பார்த்தது. வழக்குத் தொடுத்தவரை அது ஏற்கவில்லை. பல்லாண்டுகளாக இரவும் பகலும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களையே அவருக்கு நெருங்கியவர்களாகக் கொண்டது. அவர்கள் அருணா வாழ வேண்டும் என்றார்கள், மனு தள்ளப்பட்டது. பராமரிப்பவரின் சொல்லுக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் தந்த அந்த எடையை மருமகள்களுக்கும் தர வேண்டும் என்று நான் வாதிடுவேன். இன்னொரு சட்டம் அவர்களை இன்னும் வெளியில்தான் நிறுத்தியிருக்கிறது: 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகனையும் மருமகளையும் சேர்க்க 2019இல் நாடாளுமன்றத்தில் வந்த திருத்த மசோதா சட்டமாகவில்லை.

கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் பகுதிதான் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் சொன்னது. இனித் தேறாது என்ற நிலையில், பேசும் திறனும் போய்விட்டால், எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் ஆவணத்தை அது ஏற்றது. லிவிங் வில் என்று வழங்குவது இதைத்தான். முதலில் அதற்கு நீதித்துறை நடுவரின் கையெழுத்து தேவைப்பட்டது. பழவேற்காட்டில் படுத்திருப்பவர் எந்த நடுவரைத் தேடுவார்? 2023 ஜனவரி 24 அன்று அது எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தமக்காகப் பேச வேண்டியவர்கள் என்று ஒருவருக்கு மேற்பட்ட காப்பாளர்கள் அல்லது நெருங்கிய உறவினரின் பெயரை எழுதலாம். மருமகளின் பெயரை எழுதத் தடை ஏதுமில்லை. ஒரு பிரதியை ஊராட்சியிலோ நகராட்சியிலோ பொறுப்பான அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். நேரம் வரும்போது மருத்துவமனையின் மூவர் குழு ஒன்றும், அதன் பிறகு மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிப்பவர் அடங்கிய இரண்டாம் குழு ஒன்றும் ஒப்ப வேண்டும். ஒவ்வொன்றும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள். ஊசி போட்டு உயிரை முடிப்பது இன்றும் குற்றம். இந்தத் தீர்ப்புகள் அதைத் தொடவில்லை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நினைவோடும் தெளிவோடும் இருக்கும் நோயாளி தனக்கு ஒரு சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல எந்த ஆவணமும் தேவையில்லை. அவர் சொல்லே போதும். அதனால், பேச்சு இருக்கும் காலத்துக்கு விலையே இல்லை.

எப்படிக் கேட்பது? நேராக ஆரம்பித்தால் பேச்சு முறிந்துவிடும். துக்க வீட்டுக்குப் போய்வந்த மாலை நல்ல சமயம். "அத்தே, அவங்கள ஒரு மாசம் ஆஸ்பத்திரியிலேயே வெச்சிருந்தாங்களே, அது உங்களுக்கு எப்படிப் பட்டுச்சு?" அடுத்த வீட்டுச் சாவைப் பற்றி மாமியார் தயங்காமல் பேசுவாள், தன்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்பது இருவருக்கும் தெரியும். தலை வாரும்போது, காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, முகம் பார்த்துக்கொள்ளாமல் இருக்கும் வேளைகளில் இப்படிப்பட்ட பேச்சு வரும். ஆஸ்பத்திரி வராந்தாவில் வராது. ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம்.

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பதிலிருந்து தொடங்குவதே முறை. "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?" புற்றுநோய் என்ற சொல்லை நோயாளியிடம் சொல்லாதீர்கள் என்று மருத்துவரிடம் கெஞ்சாத தமிழ்க் குடும்பம் அரிது. அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தன் உடம்பு தனக்குத் தெரியாதா? பல நேரம் நோயாளிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது; பிள்ளைகள் உடைந்துபோவார்களே என்று அவளும் தெரியாததுபோல் இருக்கிறாள். இரண்டு பக்கமும் மறைத்து மறைத்து, கடைசியில் ஒருவரையொருவர் தனியாக விட்டுவிடுகிறார்கள். தெரிந்துகொள்ள விருப்பமில்லாதவரும் உண்டு. "எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லச் சொல்லட்டுமா, இல்ல பெரியவன்கிட்ட சொன்னா போதுமா?" என்று கேட்டால் அதற்கும் வழி பிறக்கும். மகனிடம் சொல்லுங்கள் என்று அவள் சொன்னால், அது அவள் எடுத்த முடிவு. குடும்பம் தானாக எடுத்துக்கொண்ட முடிவிலிருந்து அது வேறானது.

பிறகு பயம். "எத நெனச்சா பயமா இருக்குது?" இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் நாம் எதிர்பார்ப்பவையாக இருப்பதில்லை. சாவைவிட மூச்சுமுட்டலுக்குப் பயப்படுபவர் உண்டு. துணியில்லாமல் அந்நிய ஆண்கள் முன் கிடப்பதற்குப் பயப்படுபவர் உண்டு. ஊரை விட்டு வெளியே உயிர் போனால் உடம்பை வீட்டுக்குள் எடுத்துவர விடமாட்டார்களோ என்பது சிலருக்கு. வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு இவர்களால் பதில் சொல்ல முடியாமல் இருக்கலாம். இந்தப் பயங்களைத் தெரிந்துகொண்ட மருத்துவரும் மகனும் அந்தப் பதிலைக் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிடலாம்.

கருவிகளைப் பற்றிப் பேசும்போது உள்ளபடி சொல்ல வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டால் பேச முடியாது. பெரும்பாலும் மயக்கத்தில் வைத்திருப்பார்கள். உள்ளே ஆட்களை நினைத்த நேரம் விடமாட்டார்கள். நிமோனியா போன்று தேறக்கூடிய காரணத்துக்காக என்றால் சில நாளில் கழற்றி, ஆள் நடந்து வீட்டுக்கு வரலாம். உடம்பெங்கும் பரவிய புற்றுநோயின் முடிவில் என்றால், நின்றுபோன இதயத்தை நெஞ்சை அழுத்தி எழுப்பிய பிறகு வீடு திரும்புபவர் மிக அரிது. அந்த அழுத்தத்தில் விலா எலும்பு முறிவதும் உண்டு. ஒரே கருவி, இரண்டு நிலைமை. எனவே "மிஷின் வேணாம்" என்று மாமியார் சொன்னதை எல்லா நிலைமைக்கும் பொருத்தினால் பிழைக்கக்கூடியவளையும் இழக்க நேரும். "சரியாயிடும்னு டாக்டர் சொன்னா ரெண்டு நாள் வெச்சுப் பார்க்கலாமா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒன்று. "ரெண்டு நாளா ஒண்ணுமே எறங்கல, ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க" என்பது நம் வீடுகளில் கேட்கும் கடைசி மன்றாட்டு. அரை லிட்டர் 5 விழுக்காட்டுக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. 100 கலோரிகூடத் தேறாது. இறுதி நாட்களில் பசி அடங்குவது இறப்பின் ஒரு பகுதி. பட்டினியால் சாகிறாள் என்று பொருளல்ல. சிறுநீரகமும் இதயமும் தளர்ந்த உடம்பில் ஏற்றிய நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சுத்திணறலைக் கூட்டலாம். மருமகள் ஊட்டாமல் விட்டுவிட்டாள் என்ற பழி இந்த இடத்தில்தான் அதிகம் விழுகிறது. மருத்துவரோ செவிலியரோ இதை மகனையும் நாத்தனாரையும் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பழியிலிருந்து அவள் தப்புவாள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான இடம் இனிமேல்தான் வருகிறது. நம் பெண்கள் வாழ்நாள் முழுக்க "எனக்கு வேணாம்" என்றே சொல்லிப் பழகியவர்கள். மீனின் நடுத்துண்டு வேண்டாம், புதுப்புடவை வேண்டாம், டாக்டர் வேண்டாம், தானாகச் சரியாகிவிடும். அப்படிப்பட்ட ஒருத்தி மருத்துவத்தையும் வேண்டாம் என்றால், அதை விருப்பம் என்று அப்படியே எழுதிக்கொள்ளலாமா? வலைக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை, பேத்திக்குப் படிப்புச் செலவு இருக்கிறது, இதில் நான் வேறா என்ற கணக்கு அந்த ‘வேணாம்’க்குள் இருக்கலாம். அதனால் இரண்டாவது முறை கேட்க வேண்டும். "காச விடுங்க அத்தே. காசு ஒரு பொருட்டே இல்லன்னா என்ன சொல்லுவீங்க?" அப்போதும் அதே பதில் வந்தால் அது அவளுடைய விருப்பம். பதில் மாறினால், முதலில் சொன்னது சுமையாகிவிடுவோமோ என்ற பயம். மருத்துவமனையில் படிவம் நீட்டுபவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. பெற்ற மகனுக்கும் தெரியாமல் போகலாம், ஏனென்றால் அந்த ‘வேணாம்’ எல்லாவற்றையும் உண்மையென்று நம்பி நடுத்துண்டைத் தின்று வளர்ந்தவன் அவன். அதே அடுப்படியில் நின்று, அதே வார்த்தையைத் தானும் சொல்லிக்கொண்டிருக்கும் மருமகளுக்கு அந்த ‘வேணாம்’ எந்த வகை என்று காதில் விழுந்த உடனே தெரியும். மருமகள் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு, அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதைவிடப் பெரிய காரணம் இதுதான்.

அவள் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தனக்குள் வைத்திருந்தால் பயனில்லை. தனியாகச் சொன்னால் நம்பவும் மாட்டார்கள். ஆகவே இரண்டாவது, மூன்றாவது பேச்சில் நாத்தனாரை உட்கார வைக்க வேண்டும்; அதற்கடுத்து மகனை. "அம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க, நீங்களும் கேளுங்க" என்று அழைத்து, சொல்வதை மாமியார் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பழவேற்காட்டு மீனவர்களுக்கு முன்கூட்டிப் பேசி முடிப்பதன் அருமை தெரியும். ஏரியில் எந்த நாள் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைத் தகராறு வரும்வரை அவர்கள் விட்டுவைப்பதில்லை. பாடு முறை என்ற பெயரில் முன்பே கூடிப் பேசி, முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அந்தக் கூட்டம் தலைக்கட்டு ஆண்களுடையது. மாமியாரின் பாயைச் சுற்றிக் கூடும் கூட்டத்தில் பெண்களும் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் கேட்டுவிட்டு வலிக்கு மருந்தில்லாமல் வீட்டில் போட்டுவைப்பது கொடுமை. "கைவிரிச்சிட்டாங்க" என்று பாதியில் டிஸ்சார்ஜ் வாங்கி வருபவர்கள் பலருக்கு நடப்பது அதுதான். முற்றிய புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மலிவான, நல்ல மருந்து. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதை மருத்துவமனைகளிலிருந்தே விரட்டிவிட்டிருந்தது. 2014இல் வந்த திருத்தம் வழியைத் திறந்தது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் ஊர்த் தன்னார்வலர்களை வீடு வீடாக அனுப்பும் அமைப்பாக வளர்ந்து, 2008இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருவதோடு, படுக்கையில் கிடப்பவர்களுக்கான நோய் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொன்னேரி வட்டாரத்துக்கு எட்டும் தூரத்தில், மணலியை அடுத்த மாத்தூரில், புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கென்றே ஜீவோதயா இல்லம் இருக்கிறது. வீட்டுக்கு வரும் செவிலியரிடம் மருமகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வலிக்கு என்ன தருவீர்கள் என்பது. இரண்டாவது, ராத்திரியில் மூச்சுத்திணறினால் யாரைக் கூப்பிடுவது என்பது. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத வீட்டில், கடைசி நாட்களை வீட்டிலேயே கழிக்க வேண்டும் என்ற விருப்பம் முதல் நெருக்கடியிலேயே 108 வண்டியில் ஏறிவிடும்.

கடைசியாக ஒரு பக்கம் இருக்கிறது. இந்தப் பொருளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது. விருப்பம் கேட்பது என்றாலே சிகிச்சையை மறுக்கவைப்பது என்று ஆகிவிடக் கூடாது. எல்லாம் கேட்டபின், "எனக்கு இன்னும் இருக்கணும்மா. பேரன் வர்ற வரைக்குமாவது எந்த மிஷினா இருந்தாலும் வைக்கச் சொல்லு" என்று மாமியார் சொல்லலாம். எழுபது வயதில் வாழ ஆசைப்படுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மருத்துவம் அதில் எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்று மருத்துவர் அவளிடம் உண்மையாகச் சொல்ல வேண்டும். முடிந்த அளவை மருமகள் மகனிடம் எடுத்துச் சொல்லி, வாதாடியும் பெற்றுத் தர வேண்டும். அதுவும் எழுதப்பட வேண்டும், அதே இரண்டு சாட்சிகள் முன்னால். பேரன் எந்தத் தேதிக்கு வருவான், அதற்குள் நினைவு தப்பிவிட்டால் என்ன செய்வது, அவன் வந்து பார்த்த பிறகு என்ன செய்வது என்பதையும் சேர்த்து அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டால், வராந்தாவில் நிற்பவர்கள் அன்றைக்கு ஊகிக்க வேண்டியிருக்காது.